கடைமடையில் நெடுவெளி

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் நாற்பத்தெட்டு நிமிடம் ஓடுகிற எபிசோடு, முத்துப்பேட்டைக்குக் கிழக்கே தில்லைவாடிக்கு வந்து சேரும்போது முப்பத்தொரு நிமிடமாக இருந்தது. வழியில் பதினோரு பேர் குறைந்திருந்தார்கள். கப்பலின் சமையற்காரர் நீடாமங்கலம் வரைக்கும் இருந்தார், கூத்தாநல்லூரில் இல்லை. தலையில் முடியில்லாத இன்ஜினீயரைத் திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் யாரும் பார்த்ததில்லை. இது ஒரு எபிசோடின் கணக்கு மட்டுமே. மற்றவையும் ஏறக்குறைய இந்த அளவில்தான் குறைந்து வந்தன.

'நெடுவெளி' வெளிநாட்டுத் தொடர். ஒரு விண்கலம், அதில் நூற்றுச்சொச்சம் பேர், ஊர் திரும்ப வழி தெரியாமல் முப்பது வருஷமாக அலைகிறார்கள். தமிழில் குரல் கொடுத்து ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ஒரு சேனலில் போட்டார்கள். அது தொண்ணூற்றாறாம் வருஷம். நம்ம பக்கத்தில் அந்த நேரத்தில் டிவிக்கு முன்னால் உட்கார ஆள் கிடையாது, வயலில் வேலை இருக்கும். அப்படியும் சிலர் உட்கார்ந்தார்கள். இரண்டாயிரத்து ஒன்றில், சொல்லாமல் கொள்ளாமல், சேனல் தொடரை நிறுத்தியது. நிறுத்திய இடம் மோசமான இடம். கப்பலின் மருத்துவர், டாக்டர் இலானா, வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு பழுது பார்க்க வெளியே போயிருக்கிறார். கயிறு அறுந்துவிடுகிறது. கப்பல் சின்னதாகிக்கொண்டே போகிறது. அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் தையல் மெஷின் விளம்பரம் ஓடியது.

தில்லைவாடி பிரகதாம்பாளுக்கு அப்போது வயது இருபத்தேழு. கணவர் வீரையன், ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலம், பிள்ளைகள் இல்லை. நடவு முடித்துக் காலைக் கழுவாமல் ஓடிவந்து தொடரைப் பார்த்த பெண் அவள். சேனலுக்கு மாதம் ஒரு கார்டு எழுதினாள். சேனல் பதில் போடவில்லை. ஆனால் தொடர் ஓடிய காலத்தில், முடிகிறபோது நேயர் பெயரும் ஊரும் கீழே ஓடும், அதைக் குறித்து வைத்திருந்தவர்கள் ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். அப்படிச் சேர்ந்தது பதினேழு பேர் கொண்ட டெல்டா நெடுவெளி ரசிகர் வட்டம். வட்டத்துக்கு ஒரே விதிதான். பார்க்காதவருக்குப் பார்த்தவர் கதையைச் சொல்லக்கூடாது. ஒரு தடவை மயிலாடுதுறை ராம்கி, சென்னையில் மச்சான் வீட்டில் வெளிநாட்டுக் கேசட்டில் இரண்டு வாரம் முந்திப் பார்த்துவிட்டு வந்து துணைத்தளபதி செத்துப்போவார் என்று உளறிவிட்டார். அவரோடு ஒரு வருஷம் யாரும் பேசவில்லை. அவர் மகள் காதுகுத்துக்குக்கூட ஒருவரும் போகவில்லை.

இருபது வருஷம் போனது. வட்டம் வாட்ஸப் குழு ஆனது, குழுவில் பேத்தி படமும் பொங்கல் வாழ்த்தும் வந்தன. நடுநடுவே பிரகதாம்பாள் மட்டும் டாக்டர் என்ன ஆனார் என்று யாராவது கேள்விப்பட்டீர்களா என்று எழுதுவாள். பிறகு ஒரு ஆடி மாதம், பெயர் சொன்னால் எல்லோருக்கும் தெரிகிற ஓடிடி தளம் ஒன்று தொடரின் கடைசி சீசனை, இருபத்தைந்து எபிசோடையும், தமிழிலேயே போட்டது. தஞ்சாவூரில் இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கும் ராஜராஜன் கணக்குத் தொடங்கி, எல்லோரும் இதையே பார்த்துக்கொள்ளலாம் என்று பாஸ்வேர்டைக் குழுவுக்குக் கொடுத்தார். நல்ல மனசுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பதினேழு பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால் தளம் பூட்டிக்கொள்ளும் என்பதால் முறை வைக்கவேண்டும் என்று பேச்சு வந்தது. பட்டியல் எழுதும் வேலையை நீடாமங்கலம் கோவிந்தராசுவிடம் விட்டார்கள். அவர் பொதுப்பணித்துறையில் லஸ்கராக முப்பத்திரண்டு வருஷம் மதகு திறந்து மூடியவர். பட்டியல் என்றால் அவருக்கு ஒரே விதம்தான் தெரியும். ஆறு பிரிகிற தலைப்பிலிருந்து கடைசி வயலான கடைமடை வரைக்கும், தண்ணீர் போகிற வரிசையில் எழுதினார். தஞ்சாவூர் ராஜராஜன் முதல் ஆள், கோவிந்தராசு ஆறாவது, கூத்தாநல்லூர் அப்சர் ஒன்பதாவது, தில்லைவாடி பிரகதாம்பாள் பதினேழாவது. ஆளுக்கு நான்கு நாள், நான்கு எபிசோடு. ஒரு சுற்று வர அறுபத்தெட்டு நாள். பெயர் வரிசையில் எழுதியிருக்கலாம், வயது வரிசையில் எழுதியிருக்கலாம், சீட்டுக் குலுக்கியிருக்கலாம். அது தண்ணீர் இல்லை என்று ஒருத்தர் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். பதினேழு பேரும் ஆற்றுப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், பட்டியலைப் பார்த்ததும் சரி என்று கட்டைவிரலைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து தொடர் தண்ணீராகத்தான் நடந்துகொண்டது.

குறைவதை முதலில் கண்டுபிடித்தவர் அப்சர். குவைத்தில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்து, மனைவி அனீஸாவோடு சேர்ந்து பார்ப்பவர். குழுவில் கோவிந்தராசு சமையற்காரரின் பேச்சைப் புகழ்ந்து எழுத, எந்தச் சமையற்காரர் என்று அப்சர் கேட்டார். இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அப்சர் பஸ் ஏறி நீடாமங்கலம் போய், கோவிந்தராசுவின் போனிலேயே பார்த்தார். சமையற்காரர் இருந்தார். அதே போனை வாங்கிக்கொண்டு கூத்தாநல்லூர் வந்து திறந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அருகில் ஆள் இல்லை. விஷயத்தைக் கேட்ட கோவிந்தராசு ஆச்சரியப்படவில்லை. கசிவு இருக்கும், ஆவியாகிப் போவது இருக்கும், நடுவில் இருப்பவன் கூடக் கொஞ்சம் இழுத்துக்கொள்வது இருக்கும், விட்ட தண்ணீர் விட்டபடி எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. தலைப்பில் ராஜராஜன் ஒவ்வொரு எபிசோடையும் குடும்பத்தோடு ஒரு தரம், கடைப் பையன்களோடு ஒரு தரம் என்று இரண்டு போகம் எடுப்பது தெரிந்தும் யாரும் கேட்கவில்லை. தலைப்புக்காரர்களை யார் கேட்டிருக்கிறார்கள்.

பிரகதாம்பாளுக்கு வந்தது வண்டல்தான். பெரிய பெரிய அறைகளில் இரண்டு பேர் நின்று, இல்லாத ஆட்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போர் நடந்தது, எதிரி இல்லை. அவள் அதற்காக முகம் சுளிக்கவில்லை. விட்டுப்போன வசனத்தை முன்னும் பின்னும் பார்த்துத் தானே இட்டு நிரப்பினாள். களை எடுக்கும்போது தளபதியாகவும் இன்ஜினீயராகவும் மாறி மாறிப் பேசுவாள், கூட வேலைக்கு வருகிற அம்சம் பக்கத்து வரிசையில் குனிந்தபடி கேட்டுக்கொண்டு வருவாள். அம்சத்துக்கு டிவி பார்க்கும் வழக்கமே கிடையாது, இருந்தும் கப்பலின் கவசம் முப்பது விழுக்காடுதான் மிச்சம் என்று கேட்டால் கையிலிருக்கிற கோரையைப் போட்டுவிட்டு நிமிர்ந்துவிடுவாள். டாக்டரின் குரலை மட்டும் பிரகதாம்பாள் பேசமாட்டாள். அந்த அம்மா வந்து அவங்களே பேசட்டும் என்பாள்.

நான்காவது சுற்று வந்தபோது அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. பார்த்தபோதே பரவியிருந்தது. தஞ்சாவூருக்கும் தில்லைவாடிக்கும் ஏழு மாதம் அலைந்தார்கள். ஆவணிக் கடைசியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வீரையனுக்கு அது புரிய ஒரு நாள் ஆனது. அதே வாரம் தளத்திலிருந்து அறிவிப்பு வந்தது. உரிமம் முடிவதால் நெடுவெளி செப்டம்பர் முப்பதோடு எடுக்கப்படும். ஆறு சுற்று முடிந்து இருபத்துநான்கு எபிசோடு எல்லோரும் பார்த்தாயிற்று. இருபத்தைந்தாவது மட்டும் பாக்கி. கயிறு அறுந்து போன டாக்டரைக் கப்பல் கடைசி சீசன் முழுக்கத் தேடியது. கிடைத்தாரா இல்லையா என்பது அந்த ஒரு எபிசோடில்தான் இருந்தது.

பிரகதாம்பாள் குழுவுக்கு ஒரு குரல் பதிவு போட்டாள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசியது அது.

"எல்லாருக்கும் வணக்கங்க. ஒடம்பு முடியல. மாசக் கடைசி வரைக்கும் இருப்பனான்னு தெரியல. டாக்டரம்மா கப்பலுக்குத் திரும்பி வந்தாங்களா இல்லையா, அத மட்டும் பாத்துட்டா போதுங்க."

பதினாறு பேரும் கேட்டார்கள். உடனே நீடாமங்கலத்தில் ஒரு டீக்கடை மாடியில் கூடினார்கள். முதல் முறையை அவளுக்குக் கொடுக்கலாம் என்று அனீஸா சொன்னாள். அவள் வட்டத்தில் உறுப்பினர்கூட இல்லை, அப்சரோடு வந்தவள். கோவிந்தராசு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலைப்பில் திறக்காமல் கடைமடையில் எப்படித் தண்ணீர் நிற்கும் என்று கேட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் கேட்டார். முறையைச் சுருக்கி ஆளுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்வதாக முடிவானது. செப்டம்பர் பதினான்கில் ராஜராஜன் தொடங்கினால் முப்பதாம் தேதி பிரகதாம்பாள். எல்லோரும் சம்மதித்தார்கள், தியாகம் செய்த நிறைவோடு டீ குடித்தார்கள். அந்தக் கணக்கில் ஒரே நேரத்தில் இரண்டு திரைக்கு அனுமதி இருந்தது. அன்றைக்கே, அந்த மாடியிலேயே, இரண்டாவது திரையைத் தில்லைவாடிக்குத் திறந்துவிட்டிருக்கலாம். அன்று பதினாறு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பதினான்காம் தேதி ராஜராஜன் கடையில் கூட்டம். புதிதாக வந்த இன்வெர்ட்டரை ஒரு வாடிக்கையாளருக்கு ஓட்டிக் காட்டப் பெரிய டிவியைப் போட்டவர், அதிலேயே இருபத்தைந்தாவது எபிசோடையும் போட்டுவிட்டார். வேலையும் ஆகும், தொடரும் பார்த்ததாகும் என்ற எண்ணம். ஆள் மேல் ஆள் வந்தார்கள். எபிசோடு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. மறுபடி ஓடியது. சுவரைப் பார்த்து, பேட்டரி அட்டைப்பெட்டிகளைப் பார்த்து, காலை பத்திலிருந்து கடை சாத்தும் வரை யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை அவர் முறையை அடுத்தவருக்கு விட்டார்.

இரண்டாவது ஆளுக்கே கடைசிக் காட்சியில் சிக்கல் இருந்தது. கப்பலின் வெளிக்கதவு திறந்தது, யாரும் உள்ளே வரவில்லை, மூடிக்கொண்டது. ஐந்தாவது ஆள் வரும்போது கதவு பாதிதான் திறந்தது. கூத்தாநல்லூரில் கதவு இருந்தது, சத்தம் இல்லை. அப்சர் விதியை மீறி ராஜராஜனுக்குப் போன் செய்தார். டாக்டர் வந்தாரா, உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அந்தப் பொம்பளைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம் என்று கெஞ்சினார். ராஜராஜன் கடைக்கு வெளியே வந்து நின்று பேசினார்.

"ஓடிச்சு பாய். நாள் பூரா ஓடிச்சு. நான் பாக்கல."

இணையத்தில் தேடியிருக்கலாமே என்று இப்போது கேட்பவர்கள் உண்டு. அப்சர் தேடினார். கட்டுரைகள் இருந்தன, அந்த இடத்துக்கு நேரே வெள்ளையாக இருந்தது. கூத்தாநல்லூருக்கு வருகிற இணையமும் அதே தலைப்பிலிருந்துதானே வருகிறது. விஷயம் தெரிந்து கோவிந்தராசு ஒரே வார்த்தையில் முடித்தார், வடிகாலுக்குப் போய்விட்டது என்று. மேலே நிற்பவன் மடையை அடைக்காமல் தூங்கிப்போனால் தண்ணீர் வரப்பு வழிந்து வடிகாலில் விழும். விழுந்தது எந்த வயலுக்கும் ஆகாது. அவர் முப்பத்திரண்டு வருஷமும் கடைமடைக்காரர்களுக்கு இதைத்தான் சொல்லியிருந்தார்.

முப்பதாம் தேதி மத்தியானம் அப்சரும் அனீஸாவும் ஒரு டப்பா தம்ரூட் இனிப்போடு தில்லைவாடிக்கு வந்தார்கள். பிரகதாம்பாள் கட்டிலில் பாதி ஆளாக இருந்தாள். தலைக்குத் துண்டு கட்டி, சுத்தமான சேலை உடுத்தி, அவளை உட்காரவைத்திருந்தார் வீரையன். தொடர் என்றாலே எழுந்து வெளியே போய்விடுகிற மனிதர் அன்று பக்கத்தில் உட்கார்ந்தார். எபிசோடு பத்தொன்பது நிமிடம் வந்தது. ஆளில்லாத நடைபாதைகள். யாரும் உட்காராத நாற்காலிகள். ஒரு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள், ஒரு வசனத்தைக்கூட இட்டு நிரப்பவில்லை. முடிந்ததும் இவ்வளவுதானா என்று கேட்டாள். வீரையன்தான் சொன்னார்.

"வந்துட்டாங்க பிரகதா. கடைசில வந்த மாதிரிதான் தெரிஞ்சுது."

"பாக்காததச் சொல்லாதீங்க," என்றாள் அவள்.

அனீஸா எழுந்து கொல்லைப்பக்கம் போய் அழுதாள். மறுநாள் தளத்தில் நெடுவெளி இருந்த இடத்தில் சமையல் நிகழ்ச்சி ஒன்று இருந்தது. அக்டோபர் பதினொன்றாம் தேதி காலையில் பிரகதாம்பாள் செத்துப்போனாள். கடைசி இரண்டு நாள் வலியில் அவள் போட்ட சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்டது, அதைப் பற்றி ஊரில் யாரும் பேச விரும்புவதில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வட்டத்தார் எல்லோரும் வந்தார்கள், ராம்கி உட்பட. ராஜராஜன் பெரிய மாலையோடு வந்து பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டபோது எழவில்லை. வீரையன் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இலையில் உட்காரவைத்தார், கோபம் காட்டக்கூட அவரிடம் தெம்பு இல்லை.

அன்று இரவே மழை பிடித்தது. வடகிழக்குப் பருவமழை அந்த வருஷம் நேரத்துக்கு வந்தது. மறுநாள் காலை வடிகால் இரு கரையும் தொட்டு ஓட, அடைத்துக்கொண்ட ஆகாயத்தாமரையை அரிந்துவிட அம்சம் இறங்கினாள். செடிக்குள் வெள்ளையாக ஏதோ சிக்கியிருந்தது. உரச்சாக்கு என்று நினைத்து இழுத்தாள். வெள்ளை உடுப்பில் ஒரு பெண், இடுப்பில் அறுந்த கயிறு, கையில் ஒரு பெட்டி. உயிர் இருந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் தஞ்சாவூர்க் கடைச் சுவரில் வழிந்து ஓடிய எபிசோடு, கழிவோடும் களையோடும் ஊர் ஊராக வடிந்து, வடிகால் கடலில் விழுவதற்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கையில் வந்து நின்றது. அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து பேசினார். உதடு முதலில் அசைந்தது, குரல் கொஞ்சம் பிந்தித் தமிழில் வந்தது.

"இது எந்தக் கோள்?"

அம்சம் ஊர் பெயரைச் சொன்னாள். இந்த மாதிரி விஷயமெல்லாம் சேரவேண்டிய வீடு ஒன்றுதான் என்பதால் நேரே வீரையன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் தளபதி சௌக்கியமா, கவசம் என்ன ஆச்சு என்று விசாரித்துக்கொண்டே போனாள்.

வந்தது யார் என்று வீரையன் கேட்கவில்லை. துண்டு கொடுத்தார், கொடியில் கிடந்த பிரகதாம்பாள் சேலையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார், கஞ்சி காய்ச்சினார். டாக்டர் இலானா சேலையைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தபோது, தலைமாட்டில் இருந்த ஆஸ்பத்திரி ஃபைல் கண்ணில் பட்டது. எடுத்து முதல் தாளிலிருந்து படித்தார். ஸ்கேன் படங்களை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கஞ்சி ஆறிப்போனது. படித்து முடித்து, இந்த நோயாளி எங்கே என்று கேட்டார். வீரையன் மாலை போட்ட படத்தைக் காட்டி, பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது என்றார். டாக்டர் மடியில் வைத்திருந்த பெட்டியைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்னக் குழல்கள் வரிசையாக இருந்தன, தண்ணீர் புகவில்லை.

"எங்கள் காலத்தில் இதற்கு ஒரே ஓர் ஊசி," என்றார். குரல் பிந்தி வந்ததால் அவர் வாய் மூடிய பிறகும் அந்த வார்த்தைகள் வந்துகொண்டிருந்தன. "இருபது நாட்களுக்கு முன்பு நான் வந்திருந்தால் போதும்."

வீரையன் அதை நின்றுகொண்டே கேட்டார். ஒரு வருஷமாக அழாதவர் அப்போது அழுதார், உட்கார்ந்து, வாயில் துண்டை வைத்து, வெகுநேரம் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு வந்து கஞ்சியைச் சுடவைத்தார்.

"கடைமடைங்கம்மா. இங்க எது நேரத்துக்கு வந்துருக்கு. சாப்புடுங்க."

டாக்டர் சாப்பிட்டார். தேடி வருவதற்குக் கப்பல் எதுவும் இல்லாததால் தில்லைவாடியிலேயே இருந்துவிட்டார். துணை சுகாதார நிலையத்து நர்ஸ் கவிப்ரியா தன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தாள். வாக்காளர் பட்டியல் எடுக்க வந்தவர்கள் பிறந்த தேதியைக் கேட்டு, அவர் சொன்ன வருஷத்தை எழுத இடம் போதாமல் எழுதிக்கொண்டு போனார்கள். வட்டத்தார் மாதம் ஒரு தடவை வந்து மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், கதையைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. அடுத்த தையில் அறுப்புக்கு முன்னால் அம்சத்துக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டது. டாக்டர் ஒரு ஊசி போட்டார், அவள் மறுநாள் அறுப்புக்கு வந்துவிட்டாள். பக்கத்து ஊர்களிலிருந்து நாலு பேர் வந்தார்கள், அவர்களும் பிழைத்தார்கள். தில்லைவாடியில் அந்த நோயில் கடைசியாகச் செத்தவள் பிரகதாம்பாள்.